பக்கத்து வில்

...இல்லை, இதைப் பொறாமை என்று சொல்லக்கூடாது, கட்டிய கணவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா, எரிச்சல் என்று சொல்லலாம், அசதி என்று சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே பொத்தேரி மைதானத்தில் வெயில் இப்படி ஏறினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது என்று ஷர்மிளா தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மோகன்ராஜின் அம்பு மறுபடியும் நடு மஞ்சள் வட்டத்துக்குள் போய்க் குத்தி நின்றது. அவளுடைய அம்பு ஒன்று இன்னும் புல்லுக்குள் கிடக்கிறது, எல்லோரும் பார்க்கக் குனிந்து தேட வேண்டும். இவன் யார் இங்கே? சில மாதம் முன்னால் அவளைக் கொண்டுவந்து விட வந்தவன்தானே. தாம்பரத்தில் ரயில் ஏறிப் போய்க்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள், கேட்டானா, சும்மாதானே இருக்கேன் என்று பைக்கை எடுத்தான், மரத்தடியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவனிடம் பயிற்சியாளர் ஜெரோம்தான் ஒரு மூங்கில் வில்லை நீட்டி, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இழுத்துத்தான் பாருங்களேன் பாஸ்" என்றார். அதுவரை இது அவள் இடம். அவள் அம்மாவுக்குக்கூட அவன் வைக்கிற சாம்பார்தான் பிடிக்கும், அபார்ட்மென்ட் மொத்தமும் ஏதாவது ரிப்பேர் என்றால் அவனைத்தான் கூப்பிடும், சரி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், இந்த வில்லை மட்டும் விட்டு வைத்திருக்கக்கூடாதா...

அதுவும் எப்படிக் கற்றுக்கொண்டான், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. வைக்கோல் கட்டுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, வட்டம் போட்ட தாளே ஒட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு விடுவான். வாரக்கணக்கில் அதையேதான் செய்தான். மைதானமே சிரித்தது, அவளும் சிரித்தாள், "என்ன மோகன், இங்கேருந்து எங்கம்மாகூட அடிப்பாங்க" என்றாள், அவன் கோபப்படவில்லை, "அதான் ஷர்மி, குறி தப்பாதுன்னு தெரிஞ்சுட்டா கையை மட்டும் கவனிக்கலாம்ல" என்றான். கொஞ்சம் அம்புதான் விடுவான், தோள் சோர்ந்தால் வில்லை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பான். அவள்? கை நடுங்கும்வரை விடுவாள், நடுங்கிய பிறகும் விடுவாள், பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே, சரியாக வரவில்லையென்றால் இன்னும் அதிகமாகச் செய், இன்னும் வேகமாகச் செய். "மேடம், நாண் இழுக்கற கை உதட்டோரம் வர்றதுக்குள்ளயே விட்டுடறீங்க, தப்பையே நூறு தடவ பழகினா அதுதான் கைல நிக்கும்" என்று ஜெரோம் சொல்லாத வாரமில்லை. மோகனிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். அவன் கேட்டுக்கொண்டான். அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை... நாலடியில் போய் நிற்பதா, நேற்று வந்தவர்களோடு?

சேலத்தில் அடுத்த மாதம் போட்டி, இங்கிருந்து ஒருவர்தான் போகலாம், அதற்குத்தான் இன்றைய தேர்வு. மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். அவளுக்கு இன்று எப்படியோ இரண்டு அம்புகள் நடுவில் விழுந்துவிட்டன, எப்படி விழுந்தன என்று அவளுக்கே தெரியாது, அதனால்தான் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறாள். அவள் விட்டு முடித்தாயிற்று. அவனுக்கு ஒரே ஒரு அம்பு பாக்கி, வட்டத்தில் எங்கே குத்தினாலும் அவன்தான். நாணை இழுத்தான். கை உதட்டோரம் வந்து நின்றது, அவசரமே இல்லாமல் நின்றது, எப்படி இவனால் இப்படி நிற்க முடிகிறது, எதுவும் வேண்டாதவன் மாதிரி... "மோகன், பைக் சாவி எங்க?"

யார் கேட்டது? அவள் குரல்தான். அம்பு எகிறிப் புல்லுக்குள் போனது. ஜெரோம் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். மோகன் பேன்ட் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து, "இங்கதான் கீது... ஏன், கிளம்பணுமா?" என்றான், 'இருக்கு' என்பதற்குச் சிரிக்கும்போது மட்டும் அவன் வாயில் வரும் மெட்ராஸ் 'கீது'. இன்னொரு அம்பு கொடுக்கட்டுமா என்று ஜெரோம் மெதுவாகக் கேட்டதற்கு, வேண்டாம், தப்பு என்னுதுதான், ஒரு சத்தத்துக்கே கை விட்டுடுச்சு பாருங்க, என்று சொல்லிவிட்டான். "அப்ப ஷர்மிளா மேடம்தான்" என்றார் ஜெரோம். முதலில் கைதட்டியவன் மோகன். நடித்தானா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் நடிப்பு தெரியவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டினால் திருப்பித் திட்டலாம், கைதட்டினால் என்ன செய்வது...

மற்றவர்கள் பையைக் கட்டிக்கொண்டு போனார்கள். புல்லுக்குள் அவள் அம்பையும் அவன்தான் தேடி எடுத்து வந்து துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால் ஜி.எஸ்.டி ரோடு முழுக்க அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். "சாவிக்காகக் கேக்கல" என்றாள். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். சாவி எங்க வைப்பேன்னு உனக்குத் தெரியாதா." கோபமாகச் சொன்னானா, வருத்தமாகச் சொன்னானா, இரண்டும் இல்லாத மாதிரி இருந்தது, அல்லது அவளுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. "நீயே போ சேலத்துக்கு, நான் ஜெரோம் சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். "அத அப்புறம் பேசலாம்" என்றவன், வைக்கோல் கட்டைக் காட்டி, "இப்ப யாரும் இல்ல. வா, கிட்ட நின்னு ஒண்ணு விடு" என்றான்.

நின்றாள். நாலடி. அசிங்கமாக இருந்தது. "கண்ண மூடு." மூடினாள், வட்டமும் இல்லை, வெயிலும் இல்லை, நாண் விரலில் அழுந்துவது மட்டும்... இழுத்தாள், தோள் திரும்பியது, இந்த இடத்தில்தான் விரல் எப்போதும் தெறிக்கும், யாராவது முந்திவிடுவார்கள் என்பது போல, யார் முந்துவது, இங்கே யார் இருக்கிறார்கள், கை உதட்டோரம் வந்து தொட்டது, தொட்டுக்கொண்டே நின்றது, இவ்வளவு நாள் இது இங்கே வந்ததே இல்லையா... அம்பு போய்விட்டது. எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. பின்னால் மோகன் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது, நன்றாகத்தான் போயிருக்க வேண்டும். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் சிரித்துக்கொண்டு நிற்பான், நிஜமாகவே சந்தோஷமாக நிற்பான், அவன் அம்பு குத்திய ஒரு தடவைகூட அவள் முகத்தில் வராத சந்தோஷம், அதைத் தாங்குவதற்கு எங்கே போய்ப் பழகுவது... "என்ன ஷர்மி, கண்ணைத் திற" என்றான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூடியபடியே நின்றாள்.