வேலியைச் சுற்றி நடந்தவர்கள்

"நடந்து காலு சரியாப் போச்சாம்ல! எந்த ஊர்லடா நடந்து நோவு போயிருக்கு? முனி மனசு வச்சாரு, உன் பொண்டாட்டி எழுந்து உக்காந்தா!"

"கத்தாத அக்கா. பக்கத்து வீட்டுல காது இருக்கு."

பக்கத்து வீட்டுக் காது என்னுடையதுதான். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகை. அதில் ஓட்டை போட்டது கரையான், நானல்ல.

"இருந்தா இருக்கட்டும்! வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதான். சோறு, முட்டை, சுருட்டு. நீ கொண்டுபோய் வைக்கிறியா, நான் போகட்டுமா?"

"கேட்டுக்கு வெளிய ஒரு பருக்கை சோறு போனாலும் ஜெயிலுதான்லா! முனிக்காக என்னைக் கம்பி எண்ணச் சொல்றியா?"

கத்தியவள் பெத்தம்மாள். பதில் சொன்னவர் அவளுடைய தம்பி அப்புசாமி, பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அந்தச் சண்டைக்கு நடுவே, அடுப்பங்கரையில் வாயைத் திறக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி பெரியநாயகி. காலும் வேண்டுதலும் அவளுடையவை.

மலாக்கா பக்கம் செலண்டாருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை அப்போது முள்கம்பி வேலிக்குள் அடைத்திருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். எங்களுக்கே ரேஷன் அரிசி பற்றாது என்பது சர்க்காருக்குத் தெரியாது போலும். விடிந்ததும் கேட்டில் சோதனை முடித்து மரம் வெட்டப் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வேலி போட்டவர்கள் மாரியம்மன் கோயிலை உள்ளே விட்டார்கள். அரசமரத்தடிக் கல்லாக நின்ற முனியை வெளியே விட்டுவிட்டார்கள்.

பெரியநாயகிக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. அதோடு கால் இரண்டும் வீங்கிவிட்டன. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், பேச்சும் நின்றுபோனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் பாலகிருஷ்ணன் வந்து பார்த்துவிட்டு, "மருந்து கொஞ்சம், நடை அதிகம். சாயங்காலம் தினமும் நடக்கணும்" என்றார். தோட்டமே சிரித்தது. மரத்துக்கு மரம் ஓடிவிட்டு வருகிறவனுக்கு நடை எதற்கு? வேலையில்லாமல் நடப்பது தொரையும் தொரைசாணியும்தான், அவர்களுக்கும் ஒரு நாய் உண்டு.

அப்புசாமி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால் கொட்டிவிட்டு வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மனைவியை எழுப்பி நிறுத்தி வெளியே கூட்டிவந்தார். முதலில் வழக்கப்படி அவர் முன்னால், அவள் நாலு வீடு பின்னால். அப்புறம் பார்த்தால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்! கிணற்றடியில் அன்றைக்கு ஒரு குடம்கூட நிறையவில்லை.

"ஏண்ணே, நாய் எங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"நீதான் வாசல்ல உக்காந்து காவல் பாக்கிறியேம்மா, போதாது?" என்றார் அப்புசாமி.

அதைக் கேட்டு பெரியநாயகி சிரித்தாள். பிள்ளை போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். என்னைத் திட்டியதற்கு நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு தினமும் நடந்தார்கள். கோயில், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, பந்து விளையாடும் திடல், வேலியோரம். கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழிகளுக்கு அவள் பெயர் வைத்தாள். திடல் முனையில் நின்று, அந்திவெயில் ரப்பர் மரங்களுக்குள் இறங்குவதை இருவரும் வேலிக் கம்பி வழியாகப் பார்ப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் நின்று பார்த்தேன். மரம்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு வீக்கம் வடிந்தது, முகம் தெளிந்தது. வேலி முழுவதையும் நிற்காமல் சுற்றி வந்தால் முனிக்குப் படையல் என்று, நாத்தனார் சொல்லிக்கொடுத்தபடி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டிக்கொண்டாள். சுற்றியும் வந்துவிட்டாள். அதனால் வந்ததுதான் அந்தச் சண்டை.

சண்டையில் அப்புசாமிதான் ஜெயித்தார். படையல் இல்லை என்று முடிவானது. ஆனால் அந்த வாரமே பெரியநாயகிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"முனி கோவிச்சுக்கிட்டாருங்க" என்று அவள் அழுதது பலகை வழியாகக் கேட்டது. "மறுபடியும் படுக்கையில விழுந்துருவேன். இந்தத் தடவ எழுந்திருக்க மாட்டேன்."

"சரி, ஆக்கி வை" என்றார் அவர்.

அவருக்கு முனியும் இல்லை, சாமியும் இல்லை. பெண்டாட்டி அழக்கூடாது, அவ்வளவுதான். காலையில் பால்வாளிக்குள் அடியில் பொட்டலத்தை வைத்து, மேலே உறைந்த ரப்பர் அள்ளும் கட்டிப்பால் சாக்கைச் சுருட்டித் திணித்து, கேட்டைத் தாண்டிவிட்டார். அரசமரத்தடியில் இலை போட்டு, சோறும் முட்டையும் சுருட்டும் வைத்துவிட்டு மரம் வெட்டப் போனார். சோறு ஆறுவதற்குள் ரோந்துப் பட்டாளம் அந்த வழியே வந்துவிட்டது.

மத்தியானம் எல்லாரையும் திடலில் நிறுத்தினார்கள். காட்டில் இருப்பவனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தது யார் என்று வெள்ளைக்கார ஆபீசர் கேட்டார். கிராணி தங்கராஜு தமிழில் சொன்னார். ஆள் வராவிட்டால் அத்தனை பேருக்கும் ரேஷன் நிறுத்தமாம். அப்புசாமி தானே முன்னால் வந்தார்.

"சாமிக்கு வச்சதுங்க தொரை."

ஆபீசர் நல்லவர்தான் போலிருக்கிறது. பொறுமையாகத்தான் கேட்டார்: "சாமி இதைச் சாப்பிடுமா? இல்லை, சும்மா வைப்பீர்களா?"

சும்மா வைக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். எறும்பும் காக்காயும் தின்னும் என்று சொல்லியிருக்கலாம். பெத்தம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தம்பியைக் காப்பாற்ற வந்தவள்.

"சும்மாவா? எங்க முனி சத்தியமா சாப்பிடுவாரு தொரை! போன வருசம் நானே வச்சேன். மறுநாள் போய்ப் பாத்தா ஒரு பருக்கை இல்ல. சுருட்டுகூட இல்ல, சாம்பல்தான் கிடந்துச்சு! கற்பூரம் அடிச்சுச் சொல்றேன்!"

தங்கராஜு பெத்தம்மாளையே பார்த்தார். "என்ன சொன்னாள்?" என்று ஆபீசர் கேட்டார். பக்கத்தில் தமிழ் தெரிந்த மாத்தாமாத்தா, போலீஸ்காரன் ஒருவன் நின்றான், மாற்றிச் சொல்ல முடியாது. சொன்னார். ஆபீசர் தலையை ஆட்டினார். சுருட்டுப் பிடிக்கிற சாமியை அவர் காட்டில்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புசாமியை லாரியில் ஏற்றினார்கள். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன், நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று பெத்தம்மாள் லாரி பின்னால் கேட்டு வரைக்கும் ஓடினாள்.

டிரெசர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, ஒரே ஒருமுறை பெரியநாயகியை அவரை அடைத்திருந்த முகாமுக்குக் கூட்டிப்போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்புசாமி. என்ன சொன்னார் என்று நான் கேட்காமல் இருப்பேனா?

"நடக்கிறத விட்றாதன்னாரு அக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் தனியாக நடந்தாள். பாவமாக இருக்கிறதே என்று ஒருநாள் துணைக்குப் போனேன். வேலியோரமாக ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்தாள். அந்த இடத்தில் நான் கால் வைக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் அவளுக்கு மறுபுறமாக, மூச்சு வாங்க ஓடினேன். திரும்பி வந்து அடுப்பு மூட்டவே மனம் வரவில்லை எனக்கு.

அவரை நாடு கடத்தப்போவதாகப் பேச்சு வந்ததும், கூடப் போகலாமா என்று சர்க்காரிடம் கேட்டு வைத்திருந்தாள். துணியைக்கூட மூட்டை கட்டி வைத்திருந்தாள். பதில் வருமுன், அவரை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. நடக்கத் தெரியாத வயதில் அப்பன் தோளில் ஏறி இங்கே வந்த மனிதர். அந்த ஊரில் அவருக்கு ஒரு தெருகூடத் தெரியாது. அன்று சாயங்காலம் பெரியநாயகி வாசல் வரை வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்விட்டாள். அதற்குப்பிறகு அவள் நடந்து யாரும் பார்க்கவில்லை.

பெத்தம்மாள் கிளேபாங்கில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டோடு போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தைப் பெரியநாயகி பார்க்கவில்லை, இவள் முகத்தை அவளும் பார்க்கவில்லை. டிரெசர், கிராணி மகளைக் கட்டிக்கொண்டு மூவாருக்கு மாற்றலாகிப் போனார். கப்பலில் ஊருக்குப் போய் வந்த எங்கள் லயத்து ராமையா, அப்புசாமிக்கு அங்கே பங்காளிகள் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொன்னார். என்னிடம்தான் முதலில் சொன்னார். நான் அதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் தோட்டத்தாருக்குத் தெரியும். கடைசியில் சொன்னேன். "பொண்ணு எந்த ஊராம்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த தை பிறந்ததும் பெரியநாயகி மலாக்காவுக்குப் போய், ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். பலகைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு இப்போது எங்கள் தோட்டத்து முனியம்மாவின் மகனும் மருமகளும் குடிவந்திருக்கிறார்கள்.