செவலையைக் கடித்த பாம்பு

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். பருத்திப்பட்டில் வந்து முத்தம்மாள் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். வாய்க்காரி வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். என் முறை வருவதற்கு முன்னால் மடைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டவனை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டவள் நான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலத்தை வைத்துக்கொண்டு வாயும் இல்லை என்றால் எப்படிப் பிழைப்பது? அப்படிப்பட்டவள் ஒரே ஒரு குடும்பத்திடம் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதனால் வந்த வினைதான் இது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான வருஷம். ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு ரயில் ஜனம் வந்து இறங்கியது. கட்டில், ஆட்டுக்கல், சாமி படம், கூண்டோடு கிளி என்று எதையும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் வீட்டு முன்கட்டு எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதில் புரசைவாக்கத்துக் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது. ஜானகிராமன் துறைமுகத்தில் குமாஸ்தா. பெண்சாதி தாட்சாயிணிக்கு முப்பது வயது இருக்கும். வசந்தா என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை.

வண்டியை விட்டு இறங்கியதும் தாட்சாயிணி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அக்கா, இங்க பாம்பு இருக்குமா?"

"பாம்பா? இந்த ஊர்லயா? நான் கண்ணால பார்த்ததே இல்ல கண்ணு."

ஏரிக்கரை ஊரில் பாம்பு இல்லாமல் எங்கே போகும்? முந்தின வாரம்தான் என் வைக்கோல் போரிலிருந்து ஒரு சாரை இறங்கிப் போனது. இருக்கிறது என்று சொன்னால் அதே வண்டியில் திரும்பிவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். எட்டு வருஷமாக என் வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கேட்டதில்லை. சாயங்காலமானால் செவலைப் பசுவிடம்தான் பேசிக்கொண்டிருப்பேன். அதுவும் காதை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும்.

வந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் கிராமம் என்றால் என்னவென்று யாரோ அவர்களுக்குத் தப்புத்தப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல்நாள் காலையில் தாட்சாயிணி செம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு வந்தாள். மாடு சினையாக இருக்கிறது, பால் வற்றிவிட்டது என்றேன். "கிராமத்துல பால் ஆறா ஓடும்னு இவர் சொன்னாரே" என்று செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜானகிராமன் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் உலாவப் போய், சேற்றோடு திரும்பி வந்தார். ஏரித் தவளைச் சத்தம் கேட்டு, "இதை யாராவது நிறுத்தச் சொல்லக்கூடாதா?" என்று என்னிடமே கேட்டார்.

ஒருநாள் விதைக்கென்று கொடியிலேயே விட்டு வைத்திருந்த பீர்க்கங்காயைத் தாட்சாயிணி பறித்துக் கூட்டு வைத்துவிட்டாள். அடுத்த வருஷத்து விதை அது. வேறு யாராவது செய்திருந்தால் அவள் பரம்பரையையே இழுத்திருப்பேன். இவள் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டேன். நார் பல்லில் மாட்டிக்கொண்டது. "ருசியா கீது கண்ணு" என்றேன். பக்கத்து நிலத்துக்காரன் வேம்புலி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, உனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மத்தியானத்தில் வசந்தா "பெரிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்து என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போவாள். தாட்சாயிணி பக்கத்தில் உட்கார்ந்து புரசைவாக்கத்துக் கதையெல்லாம் சொல்லுவாள். அதற்காக ஒரு கொடி பீர்க்கங்காயையும் கொடுத்திருப்பேன்.

தாட்சாயிணிக்கு ஒரே ஒரு விஷயத்தில் என்மேல் வருத்தம். "வாயில்லா ஜீவனுக்கு வெறும் வைக்கோலையே போடறீங்களே அக்கா, பாவமா இல்லையா?" என்பாள். பட்டணத்தில் அவள் பார்த்த மாடுகள் எச்சில் இலை, சோறு, சுவரொட்டி எதையும் விடாது. நான் பார்க்காத நேரத்தில் செவலைக்கு இரண்டு இட்லி, ஒரு பிடி சோறு என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். அதிகமானால் ஆபத்தாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் சுருங்குமே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

ஆடி பிறந்தது. குண்டு எதுவும் விழவில்லை. மற்ற வீடுகளில் இருந்த பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜானகிராமனும் தினம் ஆவடி வரைக்கும் சைக்கிள் மிதித்து அலுத்துப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சை ஆரம்பிப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புடைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தை வரட்டுங்க. குழந்தைக்கு உடம்பு தேறியிருக்கு. முத்தக்காவும் தனியா இருக்காங்க" என்பாள் தாட்சாயிணி. அவள் அப்படிச் சொல்லுகிற ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு வாரம் சேர்ந்தது.

இரண்டாவது ஆடி வெள்ளி. செவலைக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால், பிண்ணாக்கு வாங்கப் பூந்தமல்லிக்கு நடந்து போனேன். "மத்தியானம் ரெண்டு கத்தை வைக்கோல் போட்டு, தண்ணி காட்டு கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்திலேயே தொழுவத்தைப் பார்த்தேன். செவலை அசை போடாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் விலா தெரியாமல் வயிறு ஊதியிருந்தது. அதன் காலடியில் பெரிய பித்தளைத் தவலை, நக்கித் துடைத்தபடி கிடந்தது.

தாட்சாயிணி புதுப் புடவையில் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். "அக்கா, அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வெச்சேன். வெள்ளிக்கிழமை, அதுவும் சினைப்பசு. எவ்வளவு புண்ணியம்! ஒரு தவலையும் காலி."

"நானும் ஊட்டினேன் பெரிம்மா" என்றாள் வசந்தா. அவள் கையில் இன்னும் வெல்லம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிண்ணாக்குக் கூடையைக் கீழே போட்டுவிட்டு வேம்புலியைக் கூப்பிட்டேன். ஓமத்தை அரைத்து எண்ணெயில் கலக்கி மூங்கில் குழாயால் புகட்டினோம். வாயில் குச்சியைக் குறுக்கே கட்டி நடத்திப் பார்த்தோம். நான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் செவலை முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. கன்றும் வயிற்றோடு போயிற்று.

சத்தம் கேட்டு முன்கட்டுக் கதவு திறந்தது. மூன்று பேரும் வந்து நின்றார்கள். தாட்சாயிணி செவலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

"என்ன ஆச்சு அக்கா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? நான்... நான் கொடுத்தது எதாச்சும்..."

வேம்புலி தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே வாயெடுத்தான். "ஒரு தவலை சோத்தைத் துன்னா மாடு இன்னாத்துக்கு..."

அவன் முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பாம்பு" என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. யார் மேலும் பழி வராத சாவு வேறு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அவள் அழக்கூடாது, தன்னால்தான் செத்தது என்று தெரிந்து வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்பது மட்டும்தான் என் மனசில் இருந்தது. "நல்ல பாம்பு. கால்ல கடிச்சிட்டுக் கீது. யாரு இன்னா பண்ண முடியும்?"

தாட்சாயிணி வசந்தாவை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. ஜானகிராமன் காலுக்குக் கீழே பார்த்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

செவலையை ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு நானும் வேம்புலியும் திரும்பி வந்தபோது, வாசலில் வண்டி நின்றிருந்தது. அவர்கள் கொண்டுவந்த கட்டிலும் கிளிக்கூண்டும் ஏற்கெனவே ஏறிவிட்டன.

"உண்மைய சொல்லிடு அண்ணி" என்று வேம்புலி காதோரம் சொன்னான். "பாம்பு இல்லன்னு சொல்லு. நின்னுடுவாங்க."

எனக்கும் அதுதான் தோன்றியது. வண்டிக்குக் கிட்டே போனேன். பாம்பு இல்லை கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாட்சாயிணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஆறுதல் அக்கா. அந்த ஜீவன் கடைசி நாள்ல நம்ம வசந்தா கையால வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போச்சு. அந்தப் புண்ணியமாவது குழந்தைக்குக் கிடைச்சுதே."

வசந்தா அம்மா தோளில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். கழுவிச் சுத்தமாக இருந்தது.

"ஆமா கண்ணு" என்றேன். "பத்திரமா போய்ட்டு வாங்க."

அந்தத் தவலையை என் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். வண்டி ஆவடி ரோட்டில் திரும்புகிறவரை நின்றேன். பிறகு முன்கட்டைப் பூட்டினேன். சாயங்காலம் பழக்கத்தில் தொழுவத்துக்குப் போய்விட்டேன். முளைக்குச்சியில் கயிறு மட்டும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கேட்பதற்குத்தான் யாரும் இல்லையே.

ஐப்பசியில் ஒரு கார்டு வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் தங்கவேல் வாசலில் நின்று படித்துக் காட்டினார். வசந்தா பெரிம்மாவை ரொம்பத் தேடுகிறாளாம். அந்தப் பாம்பை அடித்துவிட்டீர்களா, அடித்துவிட்டால் எழுதுங்கள், பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருந்தாள். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். தங்கவேலையே பதிலும் எழுதச் சொன்னேன்.

"அடிச்சாச்சுன்னு எழுதுப்பா. ஆறடி நீளம். வேம்புலி தடியால அடிச்சான், அத்தக் கொளுத்தியும் போட்டாச்சு. இனிமே ஊர்ல ஒரு பாம்பும் கிடையாது. கொழந்தையக் கூட்டிக்கினு பயமில்லாம வரச்சொல்லு."

பொங்கல் நெருங்கியதும் முன்கட்டைத் திறந்து சாணி போட்டு மெழுகினேன். கொடியில் முற்றாத பீர்க்கங்காயாகப் பார்த்து நாலு விட்டு வைத்தேன். தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது நாலு பொங்கல் போய்விட்டது. ஜப்பான்காரன் சண்டையும் முடிந்துவிட்டது. வசந்தா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளாகியிருப்பாள். தங்கவேல் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலில் நிற்கிறேன். போன வாரம் அவர் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"இன்னா முத்தக்கா, இன்னொரு பாம்பு அடிச்சிட்டதா எழுதட்டுமா?"

வாய்க்காரி நான். என்னிடம் அப்படிக் கேட்டவனுக்கு நாலு தலைமுறைக்கு மறக்காதபடி ஒரு பதில் கொடுத்திருக்க வேண்டும்.

"எழுதுப்பா" என்றேன்.