வெள்ளைத் துணியில் காய்ந்த செதில்

பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறுவதற்குள் என் தங்கை ரமீஸாவுக்கு ஒன்பது முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பதினோரு மணிக்கு அவள் ஒரு டம்ளர் பாலில் இரண்டு ஸ்பூன் பவுடரைக் கலப்பாள். இப்போது பத்தே முக்கால்.

அந்தப் பவுடர் டப்பாவைக் கொடுத்தது நான். கும்மிடிப்பூண்டியில், மீன் செதிலிலிருந்து கொலாஜன் பவுடர் எடுக்கும் கம்பெனியில் எனக்குப் பரிசோதனைக்குச் சாம்பிள் அனுப்பும் வேலை. இரண்டு கரு கலைந்த பிறகு ரமீஸாவுக்கு இது ஏழாவது மாதம். கால் நோகிறது, முடி கொட்டுகிறது என்றாள். வெளிநாட்டுப் பெண்கள் அழகுக்குக் குடிப்பதை இவள் தெம்புக்குக் குடிக்கட்டுமே என்று நினைத்தேன். நான்கு மாதமாகக் குடிக்கிறாள்.

இன்று காலை சூப்பர்வைசர் துளசிராமன் ஒரு பேக்ஸ் தாளை மேசையில் போட்டார். வெளிநாட்டில் எங்கள் பவுடரை வாங்குகிறவர்கள் கடையிலிருந்தே ஒரு டப்பாவை எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். ஈயம், இருக்கலாம் என்ற அளவைப்போல் பதினோரு மடங்கு. காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகமும் இருந்தது.

"இன்னா சார் இது? நம்ம ரிப்போர்ட்டு எல்லாம் கிளீனாதானே வந்துக்குது?"

"எந்தச் செதிலுக்கு வந்துது மெஹரு?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனிக் களம் பள்ளமாக இருந்ததால் பக்கத்து இரும்பாலையின் கசடைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மூட்டை மூட்டையாகச் செதில் அந்தக் கறுப்புத் தரையில்தான் காயும். பரிசோதனைக்குப் போகும் இரண்டு கிலோவை மட்டும் நான் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து, காக்கா விரட்டிக் காயவைப்பேன். சாம்பிளில் மண் இருந்தால் லேபில் சிரிப்பார்கள் என்று சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுப்போமே, அப்படித்தான் செய்தேன். வெயிலில் அந்தச் செதில்கள் குட்டிக் குட்டி நிலாக்களாக மினுங்கும். வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். 'ஈயம் இல்லை' என்று தாள் வரும்போது எனக்கே மார்க் போட்டதுபோல் இருக்கும். அந்தத் தாளை நம்பித்தான் தங்கைக்குக் கொடுத்தேன். மாடியில் காய்ந்த இரண்டு கிலோவைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று ஒருநாளும் உறைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

"போன் உள்ள சார்ஜ்ல கெடக்குது லாத்தா," என்று சிரித்தாள் ரமீஸா. மேலுதட்டில் காய்ந்த பால் கோடு. "உன் திட்டுக்குப் பயந்து டைமுக்குக் குடிச்சிட்டேன், போதுமா?"

"இனிமே தொடாதடி. அதுல ஈயம் இருக்குது."

அவள் கணவன் ஹனீப் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். நான் தந்திருந்த ரிப்போர்ட்டின் நகலை அலமாரியிலிருந்து எடுத்து வந்து நீட்டினான்.

"நீ குடுத்த தாளுதான் லாத்தா. ஈயம் இல்லன்னு போட்டுக்குது பாரு. எவனாவது போட்டிக் கம்பெனிக்காரன் கிளப்பி வுட்டிருப்பான். புள்ளத்தாச்சிய பேஜாரு பண்ணிக்கினு!"

ரமீஸா அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையாட்டியிருந்தால் நம்பியிருப்பாள். நாளையும் குடிப்பாள்.

"அது நீ குடிச்ச பவுடருக்கு இல்லடி. சாம்பிள் செதிலை நான் தனியா காயவெப்பேன். மத்ததெல்லாம் இரும்பாலை கசடு மேல காயும், ஈயம் அதுல இருந்துதான் ஒட்டிக்குது. ரெண்டு வருசமா இப்படித்தான் அனுப்பிக்கினு இருக்கேன்."

ஹனீப்பின் கை தாளோடு அப்படியே நின்றது.

"புள்ளைக்கு இன்னா ஆவும்?" என்றாள் ரமீஸா.

"தெரியலடி. ரத்தம் டெஸ்ட் பண்ணணும். மெட்ராஸ் போலாம், இப்பவே."

அவள் தோளைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டாள். உள்ளே போய் புர்கா போட்டுக்கொண்டு வந்தாள்.

"நீ வர வேணாம்," என்றான் ஹனீப்.

"வரட்டும்," என்றாள் அவள். "டாக்டர் கேட்டா உனக்கு இன்னா தெரியும்? அவளே சொல்லட்டும், ஒண்ணு விடாம."

பஸ்ஸில் அவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தினம் இரண்டு ஸ்பூன். நான்கு மாதம். ஈயம், காட்மியம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ரமீஸா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சீட்டுக் கம்பியையே பிடித்திருந்தேன்.