கூலரை ஏற்றிக்கொண்டு போன பிறகு

1

இந்தக் கதை ஒரு வாடகை ஏர்கூலரிலிருந்து பிறந்தது. நான் எழுத நினைத்ததோ பனியைப் பற்றி.

மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்தே வளர்ந்தவள் நான். அவற்றில் நாடாளுமன்றம் வந்தால் வெளியே பனி பெய்யும். கனத்த கோட்டு போட்டவர்கள் படியேறுவார்கள். யாரோ ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். அதன் பிறகு அந்த நாடு பழைய நாடாக இருக்காது. அப்படி ஒரு கேள்வியைத் தமிழில் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது:

பனி பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில் உறுப்பினர் தன் கையுறைகளைக் கழற்றி—

சித்திரை மாதம். துடியலூரில் என் அறையின் ஜன்னல் கம்பி தொட்டால் சுட்டது. வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்களும் அதைத் தாண்டி வந்துவிடுங்கள்.

2

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அங்கன்வாடி. நடுவில் ஒரு சுவர்தான். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால், பிள்ளைகள் பாடுவது என் மீட்டிங்குகளில் எல்லோருக்கும் கேட்கும். ஒரே அறை. மேலே சிமெண்ட் அட்டை. அதைப் பார்த்துக்கொள்பவர் ராசம்மாள் டீச்சர்.

அங்கே வருகிற பிள்ளைகளில் ஒருவன் ரூபன், மூன்று வயது. அவன் அம்மா கயல்விழிக்குப் பம்புசெட் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. காலையில் விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். கணவன் கதிர்வேல் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு.

ஒருநாள் வெயிலில் ரூபன் உட்கார்ந்த இடத்திலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டான். வேறு ஊர்களிலும் இப்படி நடந்திருக்க வேண்டும். சீக்கிரமே அரசு ஆணை வந்தது. வெயில் தணியும்வரை அங்கன்வாடிகளைப் பதினொரு மணிக்கே மூடிவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பாதுகாப்பாக இருக்கட்டும்.

[அந்த ஆணையைப் பலமுறை படித்தேன். எழுதியவருக்குக் குழந்தைகள்மேல் நிஜமாகவே அன்பு இருந்திருக்கிறது. அவர் மனதில் ஒரு வீடு இருந்திருக்கிறது, அந்த வீட்டுக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் பிழை.]

சுவருக்கு அப்பால் கேட்டது:

"பதினொரு மணிக்கு நான் எப்படீங்க டீச்சர் வாரது? பாதிக் காயிலை உட்டுப்போட்டு வந்தா, சூப்பர்வைசர் என்னையுஞ் சேத்துச் சுத்திப்போடுவாருங்க."

"நான் என்ன அம்மணி பண்ணட்டும்? பூட்டச் சொன்னா பூட்டித்தானே ஆகோணும்? உன்ற ஊட்டுக்காரரு என்னங்கறாரு?"

"வேலைய உட்டுப்போடுங்கறாருங்க. ஈரோட்டுல இருந்துட்டு என்ற வேலைய உடறது அவருக்கு லேசுதானுங்களே."

சில நாள் அனுமதி வாங்கி நடுவில் ஓடிவந்தாள். பிறகு கம்பெனி சொல்லிவிட்டது: திங்கள்கிழமையோடு சரி, செவ்வாயிலிருந்து முழு ஷிப்ட், முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம்.

3

இப்போது சட்டமன்ற உறுப்பினர் வர வேண்டும்.

முதல் வரைவில் அவர் தங்கக் கடிகாரம் கட்டிய ஒரு பெரிய மனிதர். பேசப்போவதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அழித்துவிட்டேன். இரண்டாவது வரைவில் மதிவதனி வந்தார். முதல் முறை ஜெயித்தவர், ஆளுங்கட்சி. கார் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கியதால் வைத்துக்கொண்டேன்.

அங்கன்வாடிச் சுவரில் புதிதாக யானை, ரயில் எல்லாம் வரைந்திருந்தார்கள். அதைத் திறந்துவைக்க வந்தார். அவரிடம் சொல்லிவிடுவது என்று கயல்விழி அரைநாள் விடுப்பு எடுத்தாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'இந்த ரூமுக்குள்ள இருக்க முடியலீங்க; ஆனா பூட்டிப்போட்டா எங்களுக்கு வேற போக்கு இல்லீங்க.'

ஆனால் கட்சிக்காரர் ரங்கராஜ் காலையிலேயே ஆளுயர ஏர்கூலர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"என்னுங்க ரங்கராஜு, கயல்விழி வெயிலைப் பத்திச் சொல்லப்போற எடத்துல கூலரைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"ஒரம்பர வந்தா வேர்க்க உடறதுங்களா டீச்சர்? நம்மூருக்கு அது அழகுங்களா?"

யாராலும் மறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளியை வேர்க்க விடமாட்டோம். மதிவதனி உள்ளே வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், கூலர் இரைந்தது. "பரவாயில்லீங்களே, ரூம் ஜில்லுனு இருக்குதே!" என்றார். எல்லோருக்கும் பெருமை.

கயல்விழி வாயைத் திறக்கவில்லை. அந்த அறையில் அப்போது அவள் வாக்கியம் பொய்யாகிவிட்டிருந்தது.

4

இங்கே மூன்று நாள் சிக்கிக்கொண்டேன். மூன்று வழிகள் தெரிந்தன.

கார் கிளம்பிவிடுகிறது. நடக்கக்கூடியது இதுதான். கதையும் முடிந்துவிடுகிறது.

கயல்விழி கூலரின் பிளக்கைப் பிடுங்கி எறிகிறாள். எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. ஆனால் அவள் அந்த வாக்கியத்துக்குள் வர மறுத்தாள். வந்தவர்முன் அப்படிச் செய்கிற பெண் அவள் இல்லை. எத்தனை முறை எழுதினாலும் அவள் கை பிளக்கின் அருகே போய்—

மூன்றாவது:

கார் கதவருகே போய் நிற்கிறாள். "ஏனுங்கம்மா, ஒன்னு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"அந்தக் கூலரு இப்ப வண்டியேறிப் போயிருமுங்க. அது போனதுக்கப்பறம் ஒருக்கா உள்ள வந்து உக்காருங்க. காப்பி வெச்சுத் தாரேன்."

"அம்மாவுக்கு அடுத்த புரோகிராம் இருக்குது அம்மணி" என்று ரங்கராஜ் குறுக்கே வந்தார்.

மதிவதனி கூலரை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தார். பிறகு கயல்விழியைப் பார்த்தார். "காப்பிக்குக் கூப்படறாங்க. வேண்டாங்கறதுங்களா?" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே நடந்தார்.

குழந்தைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். சூடான காப்பி வந்தது. முதலில் பொன்னாடையைக் கழற்றினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் ரூபன் பாயில் கிடந்தான், தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"டெய்லி இப்படியா?"

"இன்னைக்குத் தேவலீங்க. கொஞ்சம் காத்து வருதுங்களே."

காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

[இதை நான் பார்த்தேனா? இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கூலர் சத்தம் நின்றது கேட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. அந்த வெகுநேரத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.]

5

திங்கள்கிழமை. சட்டமன்றத்தில் கேள்வி நேரம், நேரலை. எங்கள் வைஃபை அங்கன்வாடி வாசல்வரை எட்டும் என்பதால் லேப்டாப்பை அங்கே கொண்டுபோனேன். டீச்சரும் சில அம்மாக்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். கயல்விழி கடைசி அனுமதியில் வந்திருந்தாள்.

முன்பே எழுதிக் கொடுத்த கேள்விக்கு அமைச்சர் பதில் படித்தார். வெயிலைக் கருத்தில் கொண்டு அங்கன்வாடிகள் பதினொரு மணிக்கு மூடப்படுகின்றன, குழந்தைகள் பாதுகாப்பாக உள்ளனர். அதன்மேல் துணை வினா கேட்க மதிவதனி எழுந்தார். எழுந்து, தலைவருக்கு நன்றி சொன்னார். அமைச்சருக்கு நன்றி சொன்னார். தொகுதி மக்களுக்கு நன்றி சொன்னார்.

"அய்யோ சாமி, நன்றி சொல்லியே பொழுதைப் போக்கிருவாங்களாட்ட இருக்குது" என்றார் டீச்சர்.

"உறுப்பினர் கேள்விக்கு வாங்க" என்றார் பேரவைத் தலைவர்.

மதிவதனி கையிலிருந்த தாளை மடித்தார்.

"அந்த அறையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் என் சேலை நனைந்துவிட்டது." யாரோ சிரித்தார்கள். "பூட்டச் சொன்னது சரி. பூட்டிய பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? அவர்களுடைய அம்மாக்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பது இந்த அரசுக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றது. அமைச்சர் எழுந்தார்.

நான் இத்தனை நாள் பனிக்காகக் காத்திருந்தது இதற்குத்தான் போலிருக்கிறது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. யார் எழுதினார்களோ, எங்கிருந்து வந்ததோ, அந்த விதியை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடப் பையனைப் போல ஓர் அரசாங்கம் எழுந்து நிற்கிறது. துடியலூரில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை மத்தியானம் எங்கே தூங்குவான் என்று கேட்டதற்காக. அந்தக் குளிர்ந்த மண்டபத்துக்குள் எங்கள் சிமெண்ட் அட்டையின் வெயில் போய்விட்டிருந்தது. கயல்விழி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

6

அமைச்சரின் பதிலைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'பரிசீலிக்கப்படும்.' 'நிதிநிலைக்கு ஏற்ப.' அப்புறம் ஒரு கனவுப் பதில்: எல்லாக் கூரைகளையும் மாற்றுகிறோம், அறைகளைக் குளிர்விக்கிறோம், சாயங்காலம்வரை திறந்திருக்கும். மேசையைத் தட்டுகிறார்கள். எழுதிவிட்டு அழுதேன்.

அதைக் கயல்விழிக்குப் படித்துக் காட்டினேன். [கதைக்குள் இருப்பவளுக்கு எப்படிப் படித்துக் காட்டினேன் என்று கேட்காதீர்கள். சுவர் ஒன்றுதான்.]

"நல்லா இருக்குதுங்கக்கா" என்றாள். "நாளைக்குக் காத்தால அதுக்குள்ள கூரைய மாத்திருவாங்களா?"

அழித்துவிட்டேன்.

7

ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறேன். நேரலையை நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழே இருக்கிறது. திரையில் அமைச்சர் நின்றுகொண்டிருக்கிறார், வாய் லேசாகத் திறந்தபடி. அவருக்குப் பின்னால் ஒருவர் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருக்கிறார், அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

மணி பதினொன்று. ராசம்மாள் டீச்சர் பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சித்த பொறுங்க டீச்சர்" என்கிறாள் கயல்விழி. "அவரு சொல்லட்டுங்க."

டீச்சர் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

என்னால் இதற்குமேல் முடியாது. நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் யாரோ ஒருவர் பேசிவிடுவார். இங்கே அமைச்சரின் இடத்தில் நின்று பேச வேண்டியவர் நீங்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், உள்ளே ரூபன் தூங்குகிறான்.