கிருமியின் சட்டையைக் கழற்றியவன்

உலகத்திலேயே ஒரு கிருமியின் சட்டையைக் கழற்றிய முதல் வீரன் நான்தான். நம்பாதவர்கள் போகட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு மிச்சமிருப்பது வாய் ஒன்றுதானே!

வீரன் என்றேனா? சரியான தொடைநடுங்கி. குடலைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமிகளை ஆராயும் லேபில் வேலை. ஆனால் உயிருள்ள கிருமியைக் கண்டால் கை ராஜினாமா கடிதத்தைத் தேடும். குழாயோடு கொதிநீரில் போட்டுச் சாகடித்த பிறகுதான் கிட்டவே போவேன். அதனால் என் பட்டப்பெயர் 'வெந்நீர்'.

அதே லேபில், கிருமியைப் பிடித்து ஒட்டவைக்கும் ஆன்டிபாடி தயாரித்தவள் என் மனைவி. அவளுடைய ஒரு சொட்டில் சால்மோனெல்லாவைக் கலந்து ஸ்லைடை ஆட்டினால், பால் திரிந்ததுபோல் கட்டிகட்டியாக வரும். டைபாய்டு கிருமியும் சால்மோனெல்லாதான். அதற்கு மட்டும் வெறும் கலங்கல்.

"இதையே புடிக்காத ஆன்டிபாடி எதுக்கும்மா? சாயங்காலம் எல்லாத்தையும் கொட்டிடுங்க," என்றார் எங்கள் தலைமை ஆய்வாளர் சோடாபுட்டி.

வருடக்கணக்கான உழைப்பு. அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். எங்கள் வீட்டில் அது இடிக்கு முந்தைய மின்னல்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று வாயை விட்டேன். விட்ட பிறகுதான் பயம் வந்தது. வழக்கம்போல் முதலில் டைபாய்டு கிருமியைக் கொதிநீரில் இறக்கினேன்.

"வேகவச்சா என்னய்யா மிஞ்சும், சூப்பா?"

"வேகவைக்கலேன்னா நான் மிஞ்ச மாட்டேன் சார்."

ஆறியதும் அவள் ஆன்டிபாடியில் கலந்து ஆட்டினேன். கட்டிகள்! ஒவ்வொன்றும் பாறாங்கல் அளவு, சத்தியமாக.

மனைவி துள்ளினாள். "மேல ஒரு உறைய போத்திட்டு இருந்திருக்குங்க! சூட்டுல கழண்டுடுச்சு, உள்ள இருந்தத என் ஆன்டிபாடி புடிச்சுடுச்சு! புத்தகத்துலயே இருக்கு, நாமதான் மறந்துட்டோம்!"

சோடாபுட்டி அசையவில்லை. "வெந்தது தானாவும் கட்டிதட்டும்மா. ஆன்டிபாடி இல்லாம வெறும் உப்புத்தண்ணில கலக்கச் சொல்லு. அதுலயும் கட்டிதட்டுச்சுன்னா, எல்லாம் குப்பைக்குத்தான்."

நியாயமான சந்தேகம். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு, ஆன்டிபாடி ஒரு சொட்டு, இரண்டிலும் வெந்த கிருமியைக் கலந்து ஸ்லைடை ஆட்டினேன். மூன்று தலைகள் முட்டிக்கொண்டு குனிந்தன. உப்புத்தண்ணீர்ச் சொட்டு கலங்கலாகவே கிடந்தது. பக்கத்திலேயே ஆன்டிபாடிச் சொட்டில் கட்டிகட்டியாக.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"கொட்ட வேண்டாம்மா," என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, கசப்பு மருந்து குடித்த முகத்தோடு சொன்னார்:

"நடந்தது நெசம்தான்யா. என் கண்ணால பாத்தேன்."