ஹில்டாவின் உயரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்கு ஃபிட்டர் நான் ஒருத்தன்தான். அதனால், டைப்பிஸ்ட் நாற்காலியின் உயரத்தைக் குறைக்கப் புது மேனேஜர் என்னையே கூப்பிட்டான். அதில் முன்பு உட்கார்ந்திருந்தது என் மகள் ஹில்டா என்று அவனுக்கு எவனும் சொல்லித் தொலைக்கவில்லை. போன மாசம்தான் பட்டாபிராமில் தண்டவாளம் தாண்டும்போது ரயில் அவளை அடித்துப்போட்டது.

அவள் குள்ளம். டைப்ரைட்டர் எட்டாது. நான் சீட்டைச் சுற்றிச் சுற்றி உயர்த்தி வைப்பேன். ஆபீஸ் பையன்கள் வேண்டுமென்றே இறக்கிவிடுவார்கள். ஒருநாள் ஆத்திரத்தில் திருகுத் தண்டுக்கே வெல்டு வைத்துவிட்டேன். "இப்போ திரும்பக்கூட முடியலப்பா" என்று சிணுங்கினாள்.

அந்த வெல்டை இன்று நானே அறுத்தேன். சீட்டைச் சுற்றச் சுற்ற மேலே வந்து, கழன்று கைக்கு வந்தது. துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி மாட்டிச் சுற்றினேன். கை தானாக ஓரிடத்தில் நின்றது.

புதிதாக வந்திருக்கும் வஹீதுன்னிசா நல்ல உயரம். உட்கார்ந்ததுமே முட்டி மேசையில் இடித்தது.

"என்ன அங்கிள், யாருக்கு இவ்ளோ ஒசரமா வச்சீங்க?" என்று சிரித்தாள்.