நாத்தனார் முடிச்சு

நாகலாபுரத்துப் பொன்மணி லேசுப்பட்ட ஆளில்லை. எட்டாவது படிக்கும்போதே வீட்டுக் கிரைண்டரைக் கழற்றி மாட்டி, மிஞ்சின ரெண்டு நட்டை அப்பா கையில் கொடுத்து, "இதெல்லாம் தேவையில்லாதது" என்றவள். அந்தக் கிரைண்டர் இன்னைக்கும் ஓடுது, அதை விடுங்க. அப்புறம் இன்ஜினியரிங் படிப்பு, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் மிஷின் பார்க்கிற வேலை, பெங்களூரு, வெளிநாடு என்று ஏறி ஏறிக் கடைசியில் பூமியை விட்டே ஏறிவிட்டாள். இப்போ விண்வெளி நிலையத்துக்குத் தலைமை இன்ஜினியர். அங்கே குடியிருப்பது ஆறே பேர். பைப்பு, மோட்டார், கக்கூஸ் என்று எது மக்கர் பண்ணினாலும் பொன்மணியைத்தான் கூப்பிடுவார்கள்.

இதைத்தான் பெரியப்பா மகள் இசக்கிச்செல்வி ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவில் நாலு பேர் கேட்க, "மேல போயும் கக்கூஸ் ரிப்பேர்தான் பாக்கா" என்று சொல்லிவிட்டாள். விஷயம் போன் வழியாக மேலே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் பொய் சொல்லியிருந்தால்கூடப் பொன்மணி மன்னித்திருப்பாள்.

இந்த லட்சணத்தில் தம்பி விஜயராஜுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மத்த ரெண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடணும். "தை பொறக்கதுக்குள்ள இறங்கிருவேன், நாளக் குறிங்க" என்று பொன்மணியே மேலேயிருந்து உத்தரவு போட்டாள். விளாத்திகுளம் பஸ் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? அதில் வளர்ந்த பிள்ளை, ராக்கெட்டை நம்பி முகூர்த்தம் குறிக்கச் சொன்னது!

இறங்குவதற்கு முந்தின நாள், மூத்திரத்தைச் சுத்தம் பண்ணிக் குடிதண்ணீராக்குகிற எந்திரம் படுத்துவிட்டது. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்று தெலுங்கில் சொல்வார்களே, பேருதான் பெரிசு, குடிக்கத் தண்ணியில்லை என்று, அந்தக் கதைதான்! மாற்று இன்ஜினியர் அடுத்த விண்கலத்தில்தான் வருவான். இவள் கிளம்பினால் சரிபண்ண ஆளில்லை.

அம்மா ஜானகியம்மாள் போனில் ஆடித் தீர்த்துவிட்டாள். "ஏட்டி, தலைமை இன்ஜினியர்னு சொல்லுதே, ஒரு லீவு போட வக்கில்லையா? இங்கன பம்புசெட் மெக்கானிக்கு நாலு தடவ கூப்பிட்டாத்தான் வாரான். நீ கிளம்புன்னு சொன்னாலும் நிக்கே!"

"மத்தவியெல்லாம் தண்ணியில்லாம கெடப்பாவம்மா."

தண்ணிக்குக் குடம் தூக்கி அலைந்த அம்மா அதற்கு மேல் திட்டவில்லை. "அப்ப முடிச்சு போட இசக்கிச்செல்வியத்தான் கூப்பிடணும். நம்ம வகையில வேற பொம்பளப்பிள்ள ஏது?" என்றாள்.

போயும் போயும் அவளா? தம்பி கல்யாணத்தில் தன் இடத்தில் அவள் நிற்பதை நினைக்கவே பொன்மணிக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் ஸ்பேனரில் காட்டினாள். எந்திரம் ஓடிவிட்டது. ஆனால் அவள் இறங்க வேண்டிய விண்கலம் அதற்குள் போய்விட்டிருந்தது.

கல்யாணத்தன்று மணமேடையில் ஜானகியம்மாள் கையில் போன். பொன்மணிக்குப் பாதி நேரம் மண்டபத்து ஃபேன்தான் தெரிந்தது. "எம்மா, கொஞ்சம் கீழ காட்டேன்!" என்று கத்திக் கத்தி ஒருவழியாகத் தம்பி முகம் தெரிந்தபோது, அவன் முதல் முடிச்சைப் போட்டு முடித்திருந்தான். பொண்ணுக்குப் பின்னால் நின்ற இசக்கிச்செல்வி கயிற்றைப் பிடித்தாள். பிடித்தவள் போடவில்லை. போனைப் பார்த்தாள்.

"ஏட்டி பொன்மணி, போடட்டுமா?"

கெட்டிமேளம் முழங்குது. ஐயர், "நேரமாகுதும்மா" என்கிறார். இசக்கிச்செல்வி அசைந்தால்தானே!

"இருங்க சாமி. இது அவ முடிச்சு. அவ சொல்லட்டும்."

பொன்மணிக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே அப்பி நிற்கும். ஒன்றும் தெரியவில்லை. இவளையா இத்தனை மாசம் பேசாமல் ஒதுக்கி வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"போடுட்டி" என்றாள், வாய் குழற. "நல்லா இறுக்கிப் போடு."

இசக்கிச்செல்வி ரெண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். அப்புறம் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து சொன்னாள்: "நாத்தனாருக்குப் பட்டுச்சேலை எடுத்திருக்காவ. அது எனக்குத்தான். அதுக்கும் சேத்து அழுதுக்கோ."